கையடக்க வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர்: மின்கலத்தைக் கடைசியில் இணையுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினால், முதலாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் புளூடூத் வழியே கைபேசியுடன் இணையும் இந்தக் கன்ட்ரோலருக்கான பொருட்களைத் தேடலாம். ஈஎஸ்பி32 பலகை (புளூடூத் கொண்ட, நிரல் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை), ஜாய்ஸ்டிக், நான்கு அழுத்து பொத்தான்கள், 18650 மின்கலம் (மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய உருளை வடிவ லித்தியம் கலம்), டிபி4056 சார்ஜ் பலகை, எம்டி3608 மின்னழுத்த உயர்த்தி, சுவிட்ச், பிரெட்போர்ட் (பற்றவைக்காமல் வயர்களைச் செருகி இணைக்கும் பலகை), வயர். மல்டிமீட்டர் இல்லையென்றால் பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கடைசிப் படியைத் தொடவே கூடாது.

மின்கல உறையில் 9900 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அந்தப் பருமனில் தரமான கலமே பெரும்பாலும் 3500 ஐ ஒட்டித்தான் நிற்கும்.

படி 1: ஜாய்ஸ்டிக்

இதன் உள்ளே இருப்பவை இரண்டு மாறுதடைகள்: ஒன்று இடவல அசைவுக்கு, மற்றது மேல்கீழ் அசைவுக்கு. அதில் 5 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் ஈஎஸ்பி32 பலகையின் 3.3 வோல்ட் காலிலேயே (கால் என்பது பலகையின் ஓரத்திலுள்ள உலோக முனை) இணையுங்கள். ஈஎஸ்பி32 இன் உள்ளீட்டுக் கால்களுக்கு அதுவே எல்லை. சமிக்ஞை வயர்கள் இரண்டும் 34, 35 ஆம் கால்களுக்குப் போகட்டும்.

யூஎஸ்பி வயரில் பலகையைக் கணினியோடு இணைத்து, ஆர்டுயினோ மென்பொருளில் அந்தக் கால்களை வாசித்து எண்களாகக் காட்டும் சிறு நிரலை எழுதுங்கள். வாசிப்பு 0 முதல் 4095 வரை வரும். கையை எடுத்தால் சரிபாதியாக 2048 காட்டும் என்று எதிர்பார்ப்போம், காட்டாது. என்னுடையது 1870 க்கும் 1885 க்கும் இடையே அசைந்துகொண்டே இருந்தது. அப்படியே விட்டால் விளையாட்டில் கார் தானாக ஒரு பக்கம் இழுபட்டுப் போகும். ஆகவே பலகை இயங்கத் தொடங்கியதும் ஐம்பது தடவை வாசித்துச் சராசரி எடுத்து, அதையே நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 100 வரை விலகினாலும் அசைவில்லை என்றே நிரல் கொள்ளட்டும். இந்தச் சில வரிகளில்தான் நல்ல கன்ட்ரோலரும் எரிச்சலூட்டும் கன்ட்ரோலரும் வேறுபடுகின்றன.

படி 2: பொத்தான்கள்

ஒவ்வொரு பொத்தானின் ஒரு முனை 26, 27, 32, 33 ஆம் கால்களில் ஒன்றுக்கு, மறுமுனை தரைக்கு (GND என்று குறித்த கால்). நிரலில் உள் இழுதடையை (பொத்தானை அழுத்தாதபோது காலை 1 ஆக வைத்திருக்கும் தடை) இயக்கிவிட்டால், அழுத்தும்போது 0 கிடைக்கும். 34, 35 இல் அந்தத் தடை கிடையாது. 0, 2, 12, 15 ஆம் கால்களையும் தவிருங்கள். பலகை தொடங்கும்போது அவற்றின் நிலையைப் பார்த்தே எப்படி இயங்குவது என்று முடிவு செய்கிறது. பொத்தானின் உலோகத் தகடு அழுத்தியதும் சில மில்லிசெக்கன்கள் துள்ளும். பத்து மில்லிசெக்கன் கழித்து மீண்டும் வாசித்து உறுதிசெய்யுங்கள்.

படி 3: புளூடூத்

ஈஎஸ்பி32 பிஎல்இ கேம்பேட் என்ற நூலகத்தையும் (ஆயத்த நிரல் தொகுப்பு) அதற்குத் தேவையான நிம்பிஎல்இ நூலகத்தையும் நிறுவுங்கள். ஜாய்ஸ்டிக் எண்களை அந்த நூலகம் கேட்கும் வீச்சுக்கு மாற்றி அனுப்பும்படி நிரலை எழுதிப் பலகையில் ஏற்றினால், ஆண்ட்ராய்ட் கைபேசியின் புளூடூத் பட்டியலில் உங்கள் கன்ட்ரோலரின் பெயர் தோன்றும்.

படி 4: மின்கலம்

இதைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. இதுவரை எல்லாம் யூஎஸ்பி மின்சாரத்தில் சரியாக இயங்கியதால், இனி வரும் பிழை மின்வழங்கலில்தான் இருக்கும். நிரலைச் சந்தேகித்து இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை.

மின்கலத்தை டிபி4056 உடன் இணையுங்கள். மின்கலத்துக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனி முனைகள் உள்ள, பாதுகாப்புச் சுற்றுக் கொண்ட வகையே வேண்டும். வெளியீடு சுவிட்ச் வழியாக எம்டி3608 க்குச் செல்லும். இங்கே நிறுத்துங்கள். அந்த உயர்த்தி 28 வோல்ட் வரை தரக்கூடியது. நான் அளக்காமல் இணைத்து ஒரு பலகையை இழந்தேன்; கருகிய வாடை அறையை விட்டுப் போக வெகுநேரம் ஆயிற்று. மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, சிறு பித்தளைத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். பல சுற்றுகள் வரை எண் அசையாமலே இருக்கலாம், பொறுமையாக 5.0 வரும்வரை திருப்பிய பிறகே பலகையின் 5 வோல்ட் காலில் இணையுங்கள். யூஎஸ்பி வயர் பலகையில் செருகியிருக்கும்போது சுவிட்சைப் போடாதீர்கள்.

பெட்டிக்குள் அடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஈஎஸ்பி32 பலகையின் நுனியில் வளைந்து வளைந்து செல்லும் செப்புக் கோடுதான் ஆண்டெனா. மின்கலத்தை அதன்மேல் வைக்காமல் மறுபக்கத்தில் வையுங்கள்.