பேரிடர் படத்தை டிவியில் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

ஒரு ஞாயிறு மதியம் டிவியில் ‘டைட்டானிக்’ ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் மூழ்குகிறது, கூட்டம் படகுகளுக்கு முண்டியடிக்கிறது. பெரியம்மா கேட்டார்: “இம்மாம் பெரிய கப்பலைக் கட்டினவனுக்குப் படகு வாங்கவா காசில்ல?”

நியாயமான கேள்வி. பதில் படத்திலேயே இருக்கிறது. டெக்கில், அதாவது கப்பலின் மேல்தளத்தில், நடந்துகொண்டே நாயகி ரோஸ் கணக்குப் போட்டு, படகுகள் எல்லோருக்கும் போதாதே என்பாள். கூடுதல் படகு வைத்தால் டெக் நெரிசலாகத் தெரியும் என்று சிலர் நினைத்துவிட்டதாக, கப்பலை வடிவமைத்த ஆண்ட்ரூஸ் சொல்வார். சின்னஞ்சிறு காட்சிதான். அன்றைய ஒளிபரப்பில் அது இல்லை.

படம் 194 நிமிடம். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்பது இந்திய விதி. 3 மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்தால் படத்துக்கு மிஞ்சுவது 144 நிமிடம். மீதி ஐம்பதை எங்கே எடுப்பது? பனிப்பாறையில் கை வைக்க முடியாது, ஜனம் உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். ஆக, கத்தரி பேச்சுக் காட்சிகளில் விழுகிறது. கப்பல் எப்படி முன்பக்கம் அமிழ்ந்து, பின்பக்கம் தூக்கி, இரண்டாக உடைந்தது என்று தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரில் காட்டுவார்களே, அது போனால் கடைசி அரை மணி நேரத்தில் எந்தப் பக்கம் எது என்றே புரியாது.

சேனலை மட்டும் திட்டிப் பயனில்லை. “மோதும்போது கூப்பிடு” என்று அடுப்படிக்குப் போகிற நாமும் அதே வெட்டைத்தான் போடுகிறோம். 1972-இல் வந்த ‘த பொசைடன் அட்வென்ச்சர்’ படத்தில் அலை வந்து கப்பலைக் கவிழ்க்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள்தான் ரோசன் தம்பதி அறிமுகமாகிறார்கள். இன்னும் முகம்கூடப் பார்க்காத பேரனைக் காண இஸ்ரேலுக்குப் போகிறவர்கள். பிற்பாடு அந்த அம்மா நீருக்குள் நீந்திப் பாதிரியாரைக் காப்பாற்றிவிட்டு, மாரடைப்பில் சாகும் தறுவாயில் கழுத்துப் பதக்கத்தைப் பேரனுக்கென்று கொடுப்பார். முதல் அரை மணி நேரத்தை விட்டவருக்கு அவர் யாரோ ஒரு குண்டுப் பாட்டி, அவ்வளவுதான். அப்புறம் “படத்துல உயிரே இல்ல” என்று தீர்ப்பு வேறு. பார்த்தது முழுப் படம்தானா என்று நீளத்தையாவது ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம்.

இன்னொன்று, மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ரிமோட்டில் ஜூம் அழுத்துவது. இந்தப் படங்கள் அகலத்திரைக்கு எடுக்கப்பட்டவை; ஜூம் செய்தால் பக்கவாட்டில் கிட்டத்தட்ட கால்வாசிப் படம் காலி. ஓரத்தில் ஓடி வருகிறவரை நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

சரி, நீளமான டிவி பதிப்பு கிடைத்தால் நல்லதா? அப்படியும் நம்பிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் இடிந்து விழும் ‘எர்த்க்வேக்’ 1974-இல் வந்தது. 1976-இல் அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசி அதை இரண்டு இரவுகளாக ஒளிபரப்பியபோது, நேரத்தை நிரப்பப் புதிதாகக் காட்சிகள் எடுத்து ஒட்டினார்கள். இயக்குநர் மார்க் ராப்சனுக்கு அதில் பங்கில்லை. அப்படி வந்து சேர்ந்தது ஒரு இளம் ஜோடி, அவர்கள் நகரத்துக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். நிலநடுக்கப் படத்தில், பெரும்பாலும் ஆகாயத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஜோடி!