கொடையைப் பாடமாக எடுத்தவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் லில்லி ஃபேமிலி ஸ்கூல் ஆஃப் ஃபிலான்த்ரபி என்றொரு கல்லூரி இருக்கிறது. 1987இல் ஆய்வு மையமாகத் தொடங்கி, 2012இல் கல்லூரியானது. கொடையையும் தொண்டு நிறுவனங்களையும் அங்கே இளங்கலைப் பட்டமாகவே படிக்கலாம். ‘நல்ல மனசு இருந்தால் போதும், பாஸாகிவிடலாம்’ என்று நினைத்துச் சேர்வதுதான் முதல் தவறு. மனசுக்கு மதிப்பெண் கிடையாது.

பில் கேட்ஸ், ராக்ஃபெல்லர் என்று பெரும்பணக்காரர்களையே சுற்றிச் சுற்றி எழுதுவது அடுத்தது. இந்தக் கல்லூரி ஆய்வு செய்து தரும் ‘கிவிங் யுஎஸ்ஏ’ ஆண்டறிக்கையைப் புரட்டினால் போதும். 2023இல் அமெரிக்கர்கள் கொடுத்த 55,700 கோடி டாலரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனிநபர்களுடையது. கார்ப்பரேட் நிறுவனங்கள் தந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் விழும் குழி, நிர்வாகச் செலவு. செலவு குறைவு என்றால் நல்ல நிறுவனம், கூடுதல் என்றால் மோசம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். ஃபார்ம் 990ஐத் திறந்து பாருங்கள். ஓரளவு பெரிய தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தரும் படிவம் இது, யாரும் பார்க்கலாம். அதன் ஒன்பதாம் பகுதியில் சேவை, நிர்வாகம், நிதி திரட்டல் என்று செலவு மூன்றாகப் பிரிந்திருக்கும். இயக்குநரின் சம்பளத்தில் எவ்வளவு எந்தப் பத்தியில் விழுகிறது? அவர் நேரம் எப்படிப் போனது என்ற மதிப்பீட்டை வைத்து நிறுவனமே பிரிப்பதுதான். உணவு வங்கி என்றால் இன்னும் வேடிக்கை. தானமாக வந்த அரிசி, டின் உணவின் மதிப்பும் சேவைச் செலவில் ஏறிவிடும், மொத்தச் செலவில் நிர்வாகத்தின் விகிதம் தானாகச் சுருங்கிவிடும். சம்பளம்தான் முக்கியச் செலவு என்றிருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தை அதோடு ஒப்பிட்டு என்ன பயன்? கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் போன்ற தரம் பார்க்கும் அமைப்புகளே 2013இல், இந்த ஒரு விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. பத்து வருஷம் கழித்தும் முதலாண்டுக் கட்டுரையில் அதே விகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தன்னார்வப் பணியில் ஆர்வக்கோளாறும் உண்டு. ஒரே செமஸ்டரில் நான்கு இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மிட்டெர்ம் வந்ததும் காணாமல் போவார்கள். பயிற்சி கொடுத்த ஊழியரின் நேரம் அந்த நிறுவனத்துக்கு நஷ்டம். ஒரே இடம், வாரம் மூன்று மணி நேரம், வருஷம் முழுக்க என்று போனால் கணக்கு வழக்கு, வாரியக் கூட்டம் எல்லாம் கண்ணில் படும். உதவி பெறும் குழந்தையோடு செல்ஃபி எடுத்துப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ‘சம்பளம் இல்லாத வேலைதானே, விசாவுக்கு என்ன’ என்று எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிடக் கூடாது. பாடத்திட்டத்தில் அடங்கிய பயிற்சி என்றால் சிபிடி (கரிகுலர் பிராக்டிகல் டிரெய்னிங்) என்ற அனுமதி வேண்டும். இளங்கலையில் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். வேலையில் சேரும் நாளுக்கு முன்பே மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது பதிவாகியிருக்கவும் வேண்டும். வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை ‘தன்னார்வம்’ என்ற பெயரில் செய்தாலும் சிக்கல்தான். நிறுவனத்துக்குச் சரி என்று மெயில் போடுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.