பயத்துக்கு எறியும் 2 புசல்

காலபோக (மாரிப் பெரும்போக) மழையை நம்பி நெல் விதைக்கிற எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு, முளைக்காமல் போய்விட்டால்? வெயிலுக்குக் கொஞ்சம், குருவிக்குக் கொஞ்சம், நாலு நாள் விடாமல் பெய்தால் அழுகப்போவதற்குக் கொஞ்சம் என்று கணக்குப் பார்த்து ஏக்கருக்கு 4 புசல் (ஒரு புசல் ஏறக்குறைய 20 கிலோ நெல்) எறிந்துவிடுகிறோம். விவசாயத் திணைக்களம் சொல்வது ஏறக்குறைய 2 புசல்தான்.

நெல்லின் விதைவேர் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் பயிரைத் தாங்குவது அடிக்கணுக்களில் இருந்து வரும் வேர்கள், ஒவ்வொரு மட்டமும் (அடியில் வெடிக்கும் பக்கக் கிளை) தனக்கென்று வேர் விடும். நெருக்கி நின்றால் மட்டம் பெயராது, மட்டம் இல்லையென்றால் அந்த வேரும் இல்லை. வெளிச்சத்துக்கு அடிபட்டுத் தண்டு மெல்லிசாக நீளும், வேருக்குப் போகும் உணவு குறையும். கதிர் பாரமான நேரத்தில் காற்றோடு ஒரு மழை வந்தால் வயல் அப்படியே படுத்துவிடும், வெட்டு மெஷின்காரர் பார்த்த உடனேயே கூலியைக் கூட்டிச் சொல்வார்.

அதற்காக ஐதாக எறிவதும் சரியில்லை, இடைவெளியை நெல்லைப் போலவே இருக்கும் களையான பன்றிநெல் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த மண்ணில் எறியும் புழுதி விதைப்பில் பிழை வேறு. கொத்துக்கலப்பையால் ஆழமாக மூடினால், 2 அங்குலத்துக்குக் கீழே கிடக்கும் விதை மேலே வருவதற்கே தன் பலத்தைச் செலவழித்துவிடும். சேற்று விதைப்பிலோ பள்ளத்தில் தண்ணீர் நிற்கவிடுவதுதான் வினை. காற்றில்லாத இடத்தில் நெல் முளையை நீட்டும், வேரை விடாது. பச்சையாகத் தெரிகிறதே என்று நம்பாதீர்கள், தண்ணீர் வடிந்ததும் சரிந்து கிடக்கும். வயலை மட்டப்படுத்தாமல் விதைநெல்லைக் கூட்டுவதால் இதற்கு ஒரு பலனும் இல்லை.

நாற்று நடுகிறவர்கள் செய்வது இரண்டு தவறு: மூன்று மாத நெல்லுக்கு ஒரு மாத நாற்றைப் பிடுங்குவது, அதையும் கட்டைவிரலால் ஆழமாக அமுக்குவது. பிடுங்கும்போது அறுந்த வேர் திரும்ப வரவே நாள் போகும், ஆழத்தில் புதைந்த கணுவில் மட்டம் பிந்தும். ஓர் அங்குல ஆழம் போதும். 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் சதுர மீற்றருக்கு 25 குத்து (நாற்று ஊன்றும் இடம்), களை எடுக்க நடுவில் இடமும் இருக்கும். வேரோடு மண் ஒட்டி வரும், வீசி நடுகிற பரசூட் நாற்றில் இந்த அடி குறைவு.

நம்பிக்கை வராவிட்டால் 40ஆம் நாள் வயலுக்கு நடுவில் ஒரு பயிர், வரம்போரத்தில் ஒரு பயிர் மண்வெட்டியால் கிளப்பி, வாய்க்காலில் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே விதை, ஒரே பசளை, ஒரே தண்ணீர், வேறுபாடு நெருக்கம் மட்டும்தான்.