முதியோர் இல்லத்தில் வாய்ப் பராமரிப்பு: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மதியம் பல் மருத்துவர் வருவார், படம் போட்டுக் காட்டுவார், டீ குடித்துக் கலைவோம். முதியோர் இல்லப் பயிற்சி பல இடங்களில் இவ்வளவுதான். மறுநாள் காலை, வாயை இறுக மூடிக்கொண்ட பாட்டியின் முன்னால் பிரஷ்ஷோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் படங்கள் கைகொடுக்காது.

வாய்க்குள் கை வைத்துப் பழக்காததுதான் முதல் தவறு. பணியாளர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் பல்லை மற்றவர் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை. பிரஷ் கொஞ்சம் உள்ளே போனாலே குமட்டுவதும், நுரை தொண்டைக்கு இறங்குவதும் ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்பதை அப்புறம் யாரும் மறக்கமாட்டார்கள்.

அடுத்து, காரணத்தைச் சொல்லாமல் விடுவது. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப் பராமரிப்பு கிடைக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. கிடைத்தவர்களில் 11 சதவீதம். இதைக் கேட்ட பணியாளர் பல் தேய்த்துவிடுவதை ஒப்புக்குச் செய்யும் வேலையாக நினைக்கமாட்டார்.

"தாத்தாவுக்குத்தான் பல்லே இல்லையே!" இதுவும் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஈறு, நாக்கு, மேலண்ணம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பல் செட்டோடு தூங்கவிட்டால் அதன் அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் சிவந்துவிடும். இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் பட்டால் செட் கோணிவிடும். கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. எல்லாருடைய செட்டையும் ஒரே கிண்ணத்தில் போடவே கூடாது. ஆளுக்கொரு டப்பா, மேலே பெயர்.

மறதி நோய் உள்ளவர்களிடம் அவசரப்படுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பின்னாலிருந்து வந்து தாடையைப் பிடித்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்? எதிரே உட்கார்ந்து, "அம்மா, பல் தேய்க்கலாமா?" என்று பிரஷ்ஷைக் காட்டி, அதை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையை நாம் பிடித்துக்கொண்டால் பழைய பழக்கம் பல நேரம் தானாக வரும். வரவில்லையா, சரி, அரை மணி நேரம் கழித்து வரலாம். திடீரென மறுக்கத் தொடங்கினால் வாயில் வலி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்துத் தேயுங்கள்.

ஈறில் ரத்தம் கசிந்ததும் பிரஷ்ஷை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அழுக்கு சேர்ந்துதான் கசிகிறது. மென்மையான பிரஷ்ஷால் தொடர வேண்டும். ரத்தம் நிற்காமல் வந்தால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, அதுவும் புகையிலை, பாக்கு போட்டவர் வாயில், பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்து குளியலறை வாசலில் நின்று பார்க்கட்டும். இடையில் புதிதாகச் சேர்ந்தவர் யார் என்றும் கேட்டு, அவரை அங்கேயே உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கட்டும்.