பழைய சைக்கிளை அறுத்து மூங்கில் சைக்கிள் கட்டுவது எப்படி

மூங்கிலில் சைக்கிளா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: உடையாதா? நன்றாகக் காய்ந்த மூங்கில் அவ்வளவு லேசில் உடையாது, விட்டால் மூட்டுதான் விடும். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி கவனம் மூட்டுக்குப் போக வேண்டும், மிச்சம் மூங்கிலைக் காயவைப்பதற்கு. வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. ஆக்ஸா பிளேடு, அரம், உப்புத்தாள் பிடிக்கத் தெரிந்த கையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1890களிலேயே இங்கிலாந்திலும் ஆஸ்திரியாவிலும் மூங்கில் சைக்கிள் செய்து விற்றிருக்கிறார்கள், ஆனால் மூங்கிலை இரும்பு மூட்டுக்குள் செருகிப் பிடிக்கவைத்த அந்த முறையில், மூங்கில் காய்ந்து சுருங்கச் சுருங்க மூட்டு ஆட ஆரம்பித்துவிடும். நூறு வருஷம் கழித்து 1995 வாக்கில் கலிஃபோர்னியாவில் கார்பன் ஃபிரேம் கட்டிக்கொண்டிருந்த கிரெய்க் கால்ஃபீ, தன் நாய் ஒரு மூங்கில் துண்டைக் கடித்து இழுத்தும் அது உடையாததைப் பார்த்து, கார்பனைச் சுற்றுவதுபோலவே நாரை எபாக்ஸியில் (ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகும் ஒட்டுப்பசை) நனைத்து மூட்டில் சுற்றிப் பார்த்தார். அது நின்றது. அதே முறையை வைத்துத்தான் கானாவில் குமாசி நகரத்தில் பெர்னிஸ் டாப்பா 2009இல் தொடங்கிய அமைப்பு பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து சைக்கிள் செய்கிறது. நாம் செய்யப்போவதும் அதுதான், ஒரே வித்தியாசம், இரும்புப் பாகங்கள் எல்லாம் காயலான் கடையிலிருந்து வரும்.

முதலில் ஒரு பழைய ஸ்டீல் சைக்கிள். ரேஞ்சர் மாடல் என்றால் நல்லது. பின்பக்க மேல்கம்பிகள் போல்ட்டில் மாட்டியிருக்கும் பழைய பெரிய சைக்கிள் வேண்டாம், எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஃபிரேமாகப் பாருங்கள். பெயின்ட் எப்படி இருந்தாலும் கவலையில்லை, பெடல் அச்சு ஓடும் பி.பி. குழாயின் மரை நன்றாக இருக்கிறதா, ஃபோர்க் வளையாமல் இருக்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் பார்த்து வாங்குங்கள். சக்கரம், செயின், ஹேண்டில்பார், ஃபோர்க் எல்லாம் அப்படியே திரும்ப மாட்டப்போகிறோம். ஃபோர்க்கையும் மூங்கிலில் செய்யலாமே என்று சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். ஃபிரேமில் விரிசல் விட்டால் கிரீச் என்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும், ஃபோர்க் போனால் முகம்தான் ரோட்டில்.

வாங்கியதும் அறுத்துவிடாதீர்கள். சக்கரங்களைக் கழற்றி, ஃபிரேமை 18 மி.மீ. பிளைவுட் பலகைமேல் படுக்கவைத்து, ஒவ்வொரு குழாயின் நடுக்கோட்டையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் ஹேண்டில் நுழையும் ஹெட் டியூப், கீழே பி.பி. குழாய், பின்சக்கர அச்சு உட்காரும் இரண்டு காதுகள், இந்த மூன்று இடங்களிலும் பலகையில் மரக்கட்டை வைத்து போல்ட் போட்டு, ஃபிரேம் ஆடாமல் உட்காரும்படி இறுக்குங்கள். பின்காதுகளுக்கு நடுவில் பழைய அச்சையே நட்டோடு மாட்டிவிட்டால் இடைவெளி மாறாது. ஃபிரேம் கட்டும் அச்சுப்பலகை தயார். கோணம், நீளம் என்று எதையும் கணக்குப் போட வேண்டாம், கம்பெனிக்காரன் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்கிறோம். இப்போது கழற்றி அறுக்கலாம். ஹெட் டியூபையும் பி.பி. குழாயையும் ஒட்ட அறுத்து, மிச்ச முண்டை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பின்காதுகளில் மட்டும் கம்பி 5 செ.மீ. நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கட்டும், அது மூங்கிலுக்குள் போகும். சீட் செருகும் குழாயிலும் ஒரு சாண் துண்டு எடுத்து வையுங்கள்.

இனி மூங்கில். மேல் குழாய், கீழ் குழாய், சீட் குழாய் மூன்றுக்கும் 35 முதல் 45 மி.மீ. தடிமன், சுவர் குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும். பின்னால் போகும் நான்கு மெல்லிய கழிகளுக்கு, கிட்டத்தட்ட உள்ளே ஓட்டையே இல்லாத கல்மூங்கில், 20 முதல் 25 மி.மீ. மூன்று வயதுக்குக் குறைந்த கழி வேண்டாம், அது காயும்போது சுருங்கி வெடிக்கும். வயது எப்படித் தெரியும் என்றால், மூங்கில் புதரின் வெளிப்பக்கம் இருக்கும் பளபளப்பான பச்சைக் கழி இளசு, உள்ளே பாசி படிந்து மங்கி, தட்டினால் கணீரென்று கேட்பது முற்றல். மண்டியில் வாங்கினால் ஏணிக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பதைக் கேளுங்கள், பந்தல்கால் மூங்கில் தேறாது. 2017இல் இந்திய வனச்சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனாலும் சொந்த நிலத்தில் வளர்ந்ததை வெட்டுமுன் உங்கள் மாநில விதி என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காட்டு மூங்கில் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று ஊரில் சொல்வார்கள். நிலவைப் பற்றி நான் சத்தியம் செய்யமாட்டேன். வண்டு தேடி வருவது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காக, அது குறைவாக இருக்கும் காய்ந்த காலத்தில் வெட்டினாலே பாதி தொல்லை தீரும். மீதிக்கு, நீளக் கம்பியால் உள்கணுக்களை எல்லாம் குத்தி ஓட்டையிட்டு, வெங்காரமும் போரிக் ஆசிட்டும் கரைத்த தண்ணீரில் (நூறு லிட்டருக்கு இரண்டும் சேர்த்து 5, 6 கிலோ என்ற கணக்கில்) பத்துப் பதினைந்து நாள் மூழ்கப் போடுங்கள். அப்புறம் நிழலில், நின்றவாக்கில், இரண்டு மூன்று மாதம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரமே வெடிக்கவும் செய்யும். அவசரக்காரர்கள் எல்லோரும் தோற்கும் இடம் இதுதான், எபாக்ஸி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஈர மூங்கிலில் ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

காய்ந்ததும் கேஸ் டார்ச்சால் லேசாக வாட்டுங்கள். பச்சை போய் மஞ்சள் ஏறி, பழுப்பைத் தொடும் நேரத்தில் தோலில் எண்ணெய்போல் வியர்க்கும், துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். கணுவில் ஓட்டை போடாத கழியை வாட்டினால் உள்ளே காற்று சூடேறிப் பட்டாசு மாதிரி வெடிக்கும், அதனால் ஓட்டை எல்லாக் கணுவிலும் விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

கழியை நீளத்துக்கு அறுத்து, இரும்புக் குழாயோடு சேரும் முனையை உருண்டை அரத்தால் பிறைபோலக் குடைய வேண்டும். அச்சுப்பலகையில் வைத்துப் பார், எடு, தேய், மறுபடி வை. சந்தில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருந்தினால் நல்லது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் குடி முழுகிவிடாது. பின்காது முண்டுகள் நுழைய, கல்மூங்கிலின் முனையில் டிரில்லால் துளை போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் 7, 8 செ.மீ. தூரத்துக்கு மூங்கிலின் பளபளத் தோலை உப்புத்தாளால் சுத்தமாக எடுத்துவிடுங்கள், அந்தத் தோலில் எதுவுமே பிடிக்காது. இரும்பையும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னரில் துடைக்க வேண்டும். துடைத்தபின் கை வைக்காதீர்கள்.

ஃபைபர்கிளாஸ் பொருள் விற்கும் கடையில் எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும் கேளுங்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். எடைக்கு எடை பத்துக்கு ஒன்று, அதைச் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. விலை குறைவு என்று கடைக்காரர் பாலியெஸ்டர் ரெசினைத் தள்ளப் பார்ப்பார், அது காயும்போது சுருங்கும், மூங்கிலில் சரியாகப் பிடிக்காது. நம்மூர் வெயிலில் கலவை வெகு சீக்கிரம் இறுகும், மொத்தமாகக் கலக்கினால் கப்பிலேயே புகைய ஆரம்பிக்கும், அதனால் விடியற்காலையில், நூறு கிராம் நூறு கிராமாக. கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலில் பட்டால் அரிக்கும்.

முதல் நாள், எபாக்ஸியில் சலித்த மரத்தூளைப் போட்டுப் பசையாகக் குழைத்து, எல்லா மூட்டையும் பலகையில் வைத்தபடியே ஒட்டி, சந்துகளை நிரப்பி, மூலைகளை விரலால் வளைவாக வழித்துவிடுங்கள். எடுத்து வைத்த சீட் துண்டின் மேல்பகுதியில் நீளவாக்கில் அறுத்துப் பிளவு போட்டு, பிளவுள்ள பாகம் வெளியே நிற்கும்படி சீட் மூங்கிலுக்குள் பசை தடவி இறக்குங்கள். சீட் கிளாம்ப் அந்த இரும்பைத்தான் இறுக்க வேண்டும், மூங்கிலை அல்ல. பின்சக்கர பிரேக்குக்கு, மேல் கழிகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கல்மூங்கில் துண்டையும் இப்போதே ஒட்டிவிடுங்கள்.

மறுநாள் பலகையிலிருந்து எடுத்ததும் நூல் பிடித்துப் பாருங்கள். ஹெட் டியூபைச் சுற்றி நூலைப் போட்டு, இரண்டு நுனியையும் பின்காதுகளுக்கு இழுத்துக் கட்டினால், சீட் குழாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நூல் ஒரே தூரத்தில் போக வேண்டும். இரண்டு மி.மீ. வரை வித்தியாசம் பரவாயில்லை. அதற்குமேல் என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த மூட்டை அறுத்துத் திரும்ப ஒட்டுங்கள், நார் சுற்றியபிறகு பிரம்மா வந்தாலும் நிமிர்த்த முடியாது.

நாருக்குச் சணல் அல்லது கற்றாழை நார். தேங்காய் நார் தோதுப்படாது, இழுத்தால் நீளும். கடைச் சணலில் எண்ணெய்ப் பசை இருக்கும் என்பதால் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, முறுக்கைப் பிரித்து வையுங்கள். பிறகு எபாக்ஸியில் தோய்த்து, விரலிடுக்கில் உருவி வழித்து, முதலில் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மூட்டைத் தாண்டி நீளவாக்கில் படியவையுங்கள், அதன்மேல் எட்டு வடிவத்தில் குறுக்கே, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். நீளவாக்கு, குறுக்கு என்று மாறி மாறி 5, 6 மி.மீ. கனம் ஏற வேண்டும். நான்கு கழிகள் வந்து சேரும் பி.பி. மூட்டுக்கு நாரில் கஞ்சத்தனம் வேண்டாம், மிதிக்கும் பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது. ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, குண்டூசியால் நிறையக் குத்திவிட்டு, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள். அதிகமான ரெசின் ஓட்டைகளில் முத்து முத்தாக வெளியே வரும். வரவில்லை என்றால் இறுக்கம் போதவில்லை.

ஒரு நாள் விட்டுப் பிரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு தேய்த்து, மேலே மெல்லிசாக இன்னொரு பூச்சு எபாக்ஸி. ஒரு வாரம் முழுதாக இறுகட்டும். அப்புறம் மூங்கிலின் அறுத்த முனைகள் உட்பட எல்லா இடத்திலும் பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ். மூட்டுகளுக்குக் கறுப்பு பெயின்ட் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரி பக்கம் போனாலே இளக ஆரம்பிக்கும், மே மாத வெயிலில் கறுப்புப் பரப்பு அதைத் தொட்டுவிடும். வெள்ளையோ இளமஞ்சளோ அடியுங்கள், நிழலில் நிறுத்துங்கள்.

பாகங்களை மாட்டியதும் நேரே மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். சீட்டில் முழு எடையைப் போட்டுக் குதியுங்கள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி நில்லுங்கள், காதை மூட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். சத்தம் இல்லையென்றால் தெருவுக்குள், ஹெல்மெட்டோடு, கொஞ்ச நாள். ஓட்டிப் பார்க்கும்போது உடனே தெரிவது, குண்டும் குழியுமான ரோட்டின் அதிர்ச்சி கைக்கு வருவது குறைந்திருக்கும். எடையில் பெரிய அதிசயம் எதிர்பார்க்காதீர்கள், ஃபிரேம் மட்டும் இரண்டு மூன்று கிலோ வரும். எபாக்ஸியும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், ஆக இது நூற்றுக்கு நூறு பசுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இரும்புக் குழாயில் முக்கால் பங்கு மறுபடி காயலான் கடைக்கே போய்விடுகிறது, அதன் இடத்தில் நிற்பது நாலு வருஷத்தில் வளர்ந்த கழி.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், வார்னிஷைத் திரும்பப் பூசுங்கள். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் நீளவாக்கில் முடிபோல விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தில் தோலைத் தேய்த்து, மெல்லிய எபாக்ஸியை விரிசலுக்குள் இறங்கவிட்டு, இரண்டு அங்குல அகலத்துக்கு நார் சுற்றினால் தீர்ந்தது. குறுக்கே விரிசல் விட்டாலோ, மூட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு தெரிந்தாலோ அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் கழியை மாற்றுங்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், அந்த அச்சுப்பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.