ழான் ரேயை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1887இல் பிறந்து 1964இல் மறைந்த திகில் எழுத்தாளர் ரேமோன் தெ கிரெமர், ழான் ரே என்ற பெயரில் பிரெஞ்சிலும், ஜான் பிளாண்டர்ஸ் என்ற பெயரில் டச்சிலும் எழுதிக் குவித்தவர். அவரைத் தேடிப் போகும் வாசகர் முதலில் சிக்கிக்கொள்வது அவர் எழுதிய கதைகளில் அல்ல, அவரைப் பற்றிய கதைகளில். கடற்கொள்ளையர், மதுக் கடத்தல்காரர், செவ்விந்தியப் பாட்டியின் பேரன் என்று கட்டப்பட்ட புனைவை வாழ்க்கை வரலாறாக நம்புவதே முதல் தவறு. உண்மையில் அவர் கென்ட் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1926இல் பணமோசடி வழக்கில் கைதாகி, 6 ஆண்டுத் தண்டனை பெற்று, அது முடியும் முன்பே 1929இல் விடுதலையானவர்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அவருடைய கதைகளுக்கு வலுவூட்டுவது மாலுமியின் துணிச்சல் அல்ல, கணக்கெழுதும் குமாஸ்தாவின் கண். 1932இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள 'இருண்ட சந்து' கதையில், ஹாம்பர்க் நகரத்து ஆசிரியர் ஒருவருக்கு, ஒரு சாராய வணிகர் கடைக்கும் ஒரு விதைக் கடைக்கும் நடுவே வேறு யாருக்கும் தெரியாத சந்து ஒன்று தெரிகிறது. தன் கண்ணையே நம்பாத அவர், உள்ளே போய்ச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வருகிறார். கிளை கையில் நிஜமாகவே இருக்கிறது. அடுத்து அவர் செய்வது திருட்டு. அங்குள்ள வீட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் பழம்பொருள் வியாபாரியிடம் விற்கிறார். அடுத்த வீட்டுக்குப் போனால் அதே கூடம், அதே தட்டு. வேற்றுலகத்தின் வாசல் திறந்ததும் மனிதனுக்கு விலை பேசத்தான் தோன்றுகிறது என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன பேய்க்கதையை நான் வேறு படித்ததில்லை. ஆகவே கடை, சாப்பாடு, மது பற்றிய பத்திகளை அலங்காரமென்று தாண்டிப் போகாதீர்கள். திகிலுக்கு அடித்தளம் அங்கேதான் போடப்படுகிறது.

'பெல்ஜியத்தின் எட்கர் ஆலன் போ' என்ற பட்டத்தை மறந்துவிடலாம். அது புத்தக அட்டைக்கு மட்டுமே பயன்படும். அவர் எழுதிய ஹாரி டிக்சன் துப்பறியும் கதைகளிலிருந்து தொடங்குவதும் சரியல்ல. பழைய அட்டைப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துமாறு வேகவேகமாக எழுதப்பட்டவை அவை. சுவையானவைதான், ஆனால் ரேயின் முழு அளவு அவற்றில் தெரியாது.

சிறுகதைகளுக்குப் பிறகு 1943இல் வெளிவந்த 'மல்பெர்துயி' நாவலுக்கு வருபவர்கள், முன்னுரையைக் கடைசியில் படிப்பது நல்லது. கதை நடக்கும் வீட்டில் குடியிருப்பவர்கள் யார் என்பதை, முன்னுரை எழுதுபவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள்.