ஊருக்கு வரும் வழியில் விமான நிலைய வைஃபை

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திருச்சியில் இறங்கினால், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: முன்னோருக்கான படைப்புக்குப் பணம் அனுப்பியாச்சா, வண்டிக்கு அட்வான்ஸ் போட்டாச்சா? அந்த அவசரத்தில், கண்ணில் பட்ட இலவச வைஃபையில் சேர்ந்து பணம் அனுப்ப உட்கார்ந்துவிடாதீர்கள்.

பேங்க் ஆப் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் அதை நடுவில் படிப்பது இன்று எளிதல்ல. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விமான நிலையத்தின் பெயரையே வைத்து யார் வேண்டுமானாலும் ஹாட்ஸ்பாட் திறக்கலாம். சேர்ந்ததும் ஒரு பக்கம் வந்து ஜிமெயில் பாஸ்வேர்டு, கார்டு நம்பர் என்று கேட்கும். கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நாம் தட்டிக் கொடுப்பதைத்தான் அவர்கள் எடுக்கிறார்கள். இணையத் தொடர்பைப் பூட்டி அனுப்பும் விபிஎன் ஆப் போட்டிருந்தாலும் இதிலிருந்து காப்பாற்றாது.

நம் நாட்டு விமான நிலையங்களில் வழக்கமாக மொபைல் எண் கேட்டு ஓடிபி அனுப்புவார்கள். வெளிநாட்டு எண்ணுக்கு அது வராமலும் போகலாம். அப்போது, ஓடிபி கேட்காத வேறு ஏதோ பெயரைத் தேடிப் போகாமல் உதவி மேசையில் விசாரியுங்கள். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால், தொடரும் பட்டனைத் தொடவே வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, புறப்படும் முன்பே இந்தியாவுக்கான இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) வாங்கிவிடுவது. அதில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் இருக்கும். அதனால் வெளிநாட்டில் நீங்கள் வைத்திருக்கும் சிம்மையும் அணைக்காமல் வையுங்கள், பேங்க் ஓடிபி அதற்குத்தானே வரும்! அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டால் பில் எகிறாது. வைஃபையில் தானாகச் சேரும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், சார்ஜர். மலேசிய, சிங்கப்பூர் மூன்று முள் பிளக் இங்கே பல இடங்களில் பொருந்தாது என்பதால், பலர் பொது யுஎஸ்பியில் செருகிவிடுகிறார்கள். அதில் மின்சாரத்தோடு தகவலும் போய்வர முடியும். ஒரு அடாப்டர் கொண்டு வாருங்கள்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளிலும் இதே கவனம் வேண்டும். ஒரே வைஃபை பாஸ்வேர்டை எல்லா விருந்தினருக்கும் கொடுத்திருப்பார்கள். சுவர்கள் கனம், உள்ளறையில் மொபைல் சிக்னல் தடுமாறும். பணம் அனுப்ப வேண்டியிருந்தால் முகப்புக்கு வந்து, உங்கள் சொந்த டேட்டாவிலேயே அனுப்புங்கள்.